தலைக்கு ஒரு ஓமர்

வேத பாடம்: யாத்திராகமம் 16-ம் அதிகாரம், எண்ணாகமம் 11-ம் அதிகாரம்



இந்த மாதப் பாடத்தில் ஆவியின் வரங்களைப்பற்றியோ கடைசிகால எழுப்புதலைப்பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள. நான் எழுதப்போவது அரிசிப்பானையைப்பற்றி. துணி பீரோவைப்பற்றி. மாதத் தவணையைப்பற்றி. "பாஸ்டர், இதெல்லாம் வேதபாடமா?" என்று யாராவது கேட்டால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. சீனாய் மலையில் பத்துக் கற்பனைகள் கொடுக்கப்பட்டது யாத்திராகமம் 20-ம் அதிகாரத்தில். ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகாரம் எடுக்கலாம் என்கிற அளவு கொடுக்கப்பட்டது 16-ம் அதிகாரத்தில். ஆம், கற்பலகைகளுக்கு முன்னாலேயே படி வந்துவிட்டது!

வீட்டுக்கூட்டங்களுக்குப் போகிற ஊழியர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஜெபக்குறிப்பு கேட்டால், முன்பெல்லாம் வியாதி, வேலை, பிள்ளையின் கலியாணம் என்று சொல்வார்கள். இப்போது குரலைத் தாழ்த்தி, "கடன் தீரணும் பாஸ்டர், மாசக் கடைசியிலே கையிலே ஒண்ணும் நிக்கல" என்கிறார்கள். ஜெபிக்கிறோம். கர்த்தர் அற்புதம் செய்கிறவர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எலிசாவின் நாளிலே அந்த விதவைக்கு எண்ணெய் பெருகினபிறகு தேவமனிதன் என்ன சொன்னார்? முதலில் எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீந்ததைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள் என்கிற கருத்தில்தான் சொன்னார் (2 இராஜா. 4:7). அற்புதம் நடந்த வீட்டிலும் கணக்கு இருந்தது. முதலில் இது, பிறகு அது என்கிற வரிசை இருந்தது. அந்த வரிசையைக் கற்றுக்கொள்ளாத வீட்டில் எத்தனை குடம் எண்ணெய் பெருகினாலும் அடுத்த மாதம் அதே ஜெபக்குறிப்புதான்.

கூடாரத்துக்குக் கூடாரம் அளவு

வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டு, இரண்டாம் மாதம் பதினைந்தாம் தேதியிலே சீன் வனாந்தரத்துக்கு வருகிறார்கள் (16:1). வந்ததும் முறுமுறுப்பு. எதை நினைத்து? இறைச்சிப் பாத்திரங்களை நினைத்து. முதுகில் வாங்கின அடி மறந்துபோயிற்று, குழம்பு வாசனை மட்டும் நினைவில் நின்றது! கர்த்தர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. வானத்திலிருந்து அப்பம் வரும் என்றார். ஆனால் அப்பத்தோடுகூட ஒரு அளவும் வந்தது. அவரவர் தங்கள் கூடாரத்தில் இருக்கிறவர்களின் தொகைக்குத் தக்கதாக, தலைக்கு ஒரு ஓமர் எடுக்கவேண்டும் (16:16).

இங்கே நாம் அவசரமாய்த் தாண்டிப் போய்விடக்கூடாது. எடுக்கிறதற்கு முன்னால் குடும்பத்தலைவன் தன் கூடாரத்துக்குள் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் எத்தனை பானை நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. தன் வீட்டில் எத்தனை வாய், அவர்களுக்கு எவ்வளவு வேண்டும், அவ்வளவுதான். இன்று நம்மில் அநேகருக்குப் பக்கத்து வீட்டு டி.வி.யின் இஞ்ச் அளவு தெரிகிறது, தன் வீட்டில் மாதத்துக்கு எத்தனை கிலோ அரிசி செலவாகிறது என்று தெரியவில்லை. (சகோதரிகளுக்குத் தெரியும். நான் சொல்வது சகோதரர்களை!)

ஓமர் என்றால் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்று அந்த அதிகாரத்தின் கடைசி வசனமே சொல்லிவிடுகிறது. நம்முடைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் கொள்ளும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு அது குறைந்த அளவு அல்ல, வயிறு நிறையச் சாப்பிடலாம். திருப்தியாவீர்கள் என்றுதான் கர்த்தரும் சொல்லியிருந்தார் (16:12). ஆகையால் தேவன் வைத்த அளவு பட்டினி அளவு அல்ல, திருப்தியின் அளவு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "குறைவாய் வாழுங்கள்" என்று நான் சொன்னால் பிள்ளைகளின் பாலை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

சிலர் அதிகமாய்ச் சேர்த்தார்கள், சிலர் கொஞ்சமாய்ச் சேர்த்தார்கள். ஓமரால் அளந்தபோதோ அதிகம் சேர்த்தவனுக்கு மிச்சமில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. பவுல் அப்போஸ்தலன் இந்தச் சம்பவத்தை எங்கே எடுத்துப் பேசுகிறார் தெரியுமா? எருசலேம் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்க்கிற இடத்தில் (2 கொரி. 8:13-15). உன்னிடத்தில் மிகுதியாய் இருப்பது அவனுடைய குறைவுக்கு. நாளைக்கு அவனுடைய மிகுதி உன் குறைவுக்கு. அப்படியானால் என் வீட்டு அலமாரியில் வருஷக்கணக்காய்த் தொடாமல் கிடக்கிற பொருள், வேறு எவனோ ஒருவனுடைய ஓமர் அல்லவா?

பிறகு புழுக்கள் வருகின்றன. விடியற்காலம்மட்டும் வைக்காதே என்று மோசே சொல்லியும் சிலர் வைத்தார்கள், நாற்றமெடுத்தது (16:20). ஏன் வைத்தார்கள்? பசியினால் அல்ல, வயிறு நிறைந்துதான் இருந்தது. நாளைக்கு வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம். ஆனால் கவனியுங்கள், ஆறாம் நாளிலே தலைக்கு இரண்டு ஓமர் எடுத்து, மறுநாளைக்கென்று வைத்தார்கள். அது நாறவுமில்லை, புழுக்கவுமில்லை (16:24). அதே மன்னா, அதே பானை, அதே வனாந்தரத்து வெயில்! வித்தியாசம் மன்னாவில் இல்லை, வார்த்தையில் இருந்தது. ஆகவே சேமிப்பு பாவம் என்று நான் போதிக்கவில்லை. யோசேப்பு செழிப்பான ஏழு வருஷங்களில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துவைக்கச் சொன்னவர் (ஆதி. 41:34). பிள்ளையின் படிப்புக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு, வேலை போனால் நாலு மாதம் தாக்குப்பிடிக்க என்று வைக்கிறது ஆறாம் நாள் ஓமர். ஆஃபர் போட்டிருக்கிறான் என்று தேவையில்லாததை மூன்றாய் வாங்கி அடுக்குகிறது மற்ற ஓமர். அது புழுக்கும்.

இன்னொன்று. நாற்பது வருஷம் அவர்கள் போட்டிருந்த வஸ்திரம் பழசாகவில்லை என்று உபாகமம் 8:4 சொல்லுகிறது. நாம் இதை அற்புதமாகப் பிரசங்கிக்கிறோம், அற்புதம்தான். அதே வசனத்தை வேறு பக்கத்திலிருந்தும் பாருங்கள். நாற்பது வருஷம் அவர்கள் புதுத்துணிக் கடைக்குப் போகவில்லை! கிறிஸ்துமஸுக்கு ஒரு செட், புத்தாண்டு ஆராதனைக்கு இன்னொரு செட், பிறந்தநாளுக்கு ஒன்று, கன்வென்ஷனுக்கு ஒன்று என்று இருக்கிற நாம் இந்த வசனத்துக்கு "ஆமென்" சொல்கிறோம்.

பத்து அல்ல, ஆயிரம்

இப்போது எண்ணாகமம் 11. மன்னா அலுத்துப்போயிற்று. மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டி, வெங்காயம் என்று ஒரு மளிகைப் பட்டியலே வருகிறது. கர்த்தர் காடைகளை அனுப்பினார். ஜனங்கள் அன்று பகல் முழுவதும், ராத்திரி முழுவதும், மறுநாள் முழுவதும் தூங்காமல் வாரினார்கள். மிகவும் கொஞ்சமாய்ச் சேர்த்தவன்கூட எவ்வளவு சேர்த்தான் என்று 32-ம் வசனம் சொல்லுகிறது.

வாசிக்கும்போது, முன்பு ஒரு ஓமர், இப்போது பத்து ஓமர், பத்து மடங்குதானே என்று தோன்றும். வேதாகமக் கல்லூரியில் படித்தபோது எங்கள் பழைய ஏற்பாட்டு ஆசிரியர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்குப் போடச் சொன்னார். எபிரேய மொழியில் இவை இரண்டு வேறு வேறு அளவுகள், வேறு வேறு எழுத்தில் ஆரம்பிக்கிற சொற்கள். மன்னாவின் ஓமர் எப்பாவில் பத்தில் ஒன்று. காடையின் அளவோ பத்து எப்பா கொள்ளுகிற பெரிய கலம் (எசேக். 45:11). அதாவது அந்தக் கலம் ஒன்றில் நூறு ஓமர் அடங்கும். பத்துக் கலம் என்றால் ஆயிரம் ஓமர்! ஒரு ஆளின் ஒரு நாள் அளவைப்போல் ஆயிரம் மடங்கு. அதுவும் குறைந்தபட்சம் சேர்த்தவனுக்கு. பாளயத்தைச் சுற்றிலும் குவித்து வைத்தார்கள். அது உப்புக்கண்டம் போடுகிற அளவா? வெறி பிடித்த அளவு!

பல்லில் இறைச்சி இருக்கும்போதே வாதை வந்தது. அந்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா என்று பேர் வந்தது. இச்சையின் கல்லறைகள் என்று அர்த்தம். பசியினால் செத்தவர்களின் கல்லறை அங்கே ஒன்றுகூட இல்லை. சங்கீதம் 106:15 இதற்கு விளக்கம் சொல்லுகிறது: கேட்டதைக் கொடுத்தார், ஆத்துமாவிலோ இளைப்பு வந்தது.

பிரியமானவர்களே, நம்முடைய சாட்சி நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கார் வாங்கினோம், மூன்றாவது மாடி எழுப்பினோம், கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று சாட்சி சொல்கிறோம், கைதட்டுகிறோம். சந்தோஷம்தான். ஆனால் "கர்த்தர் எனக்குப் போதும் என்று காட்டினார், வாங்கப் போனவன் திரும்பி வந்துவிட்டேன்" என்று ஒரு சாட்சியை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? வந்த பொருள் எல்லாம் மன்னா அல்ல. காடையும் வானத்திலிருந்துதான் வந்தது.

நம்முடைய பானையும் நம்முடைய குடமும்

இனி வீட்டுக்குள் வருவோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2022-ம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணாயிற்றாம். அதிலே பத்தில் ஆறு பங்கு வீணானது ஓட்டல்களில் அல்ல, கடைகளில் அல்ல, வீடுகளில். ஒரு கிலோ நெல் விளைய சராசரியாய் 2,500 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று நெல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்கிறார்கள். ஆக, இரண்டு கரண்டிச் சோறு குப்பைத்தொட்டிக்குப் போனால் போகிறது சோறு மட்டும் அல்ல. ஏரித்தண்ணீர், உழவனின் முதுகுவலி, அடுப்பு எரிந்த கேஸ், எல்லாம் சேர்ந்து போகிறது.

நம்முடைய ஆண்டவர் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருகப்பண்ணினவர். மறுபடியும் வேண்டுமானால் மறுபடியும் பெருகப்பண்ணியிருக்கலாம். அவருக்கு என்ன குறை? ஆனாலும் மீந்த துணிக்கைகள் ஒன்றும் வீணாகாதபடிக்கு பொறுக்கச் சொன்னார் (யோவான் 6:12). பன்னிரண்டு கூடை. அற்புதம் செய்கிற கரத்துக்கே துணிக்கை பெரிதாய்த் தெரிந்ததென்றால், மாதச் சம்பளம் வாங்குகிற கரத்துக்கு எப்படித் தெரியவேண்டும்! எங்கள் அம்மா காலத்தில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், காலையில் பழையதும் சின்ன வெங்காயமும். இன்று பழைய சோறு என்றால் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள், பிரிட்ஜில் மூன்று நாள் வைத்துவிட்டு நாலாம் நாள் கொட்டுகிறோம். பிரிட்ஜ் என்பது சில வீடுகளில் கொட்டுவதைத் தள்ளிப்போடுகிற பெட்டி.

தண்ணீரைப்பற்றிச் சென்னைக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2019-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த நாட்களில் நம்முடைய வீடுகளில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை குடம் என்று எண்ணினோம். அரிசி களைந்த தண்ணீர் செடிக்குப் போயிற்று, துணி அலசின தண்ணீர் கக்கூஸுக்குப் போயிற்று. குளிக்க அரை வாளி. ஒருவரும் செத்துப்போகவில்லை, அழுக்காயும் இருக்கவில்லை. தலைக்கு ஒரு ஓமர் என்றால் என்னவென்று கர்த்தர் ஒரு பட்டணத்துக்கே பாடம் நடத்தினார். மழை பெய்தது, மறந்துபோனோம். இன்று மேல்தொட்டி வழிந்து தெருவில் ஓடுகிறது, உள்ளே அய்யா மோட்டாரை அணைக்காமல் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் ஒழுகுகிற குழாய் இருந்தால் ராத்திரி படுக்கும்போது அதன் கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். காலையில் அளந்து பாருங்கள். பிரசங்கத்தைவிட அந்தப் பாத்திரம் நன்றாய்ப் பேசும்.

கரண்டைப்பற்றி ஒரு வரி போதும். பழைய 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அந்த வெளிச்சத்துக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு போட்டால் ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. ஆள் இல்லாத அறையில் எரியாத பல்புக்கு அதுவும் இல்லை.

துணி விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் அநேகர் ஞானஸ்நானம் எடுத்தபோது நகைகளைக் கழற்றினவர்கள். உறவினர் சிரித்தார்கள், "தாலி கூட இல்லாம இது என்ன வேதம்" என்று ஏசினார்கள். தாங்கிக்கொண்டோம். அந்த வைராக்கியத்துக்காக நான் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் கழுத்தைவிட்டுப் போன அலங்காரம் பீரோவுக்குள் போய்க் குடியேறிவிட்டதோ என்று எனக்குச் சில நேரம் தோன்றுகிறது. வெள்ளைப் புடவைதான், ஆனால் நாற்பது வெள்ளைப் புடவை! சகோதரர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். நல்ல போன் கையில் இருக்கும்போதே புதுப் போன், ஓடுகிற வண்டியை விற்றுப் புது வண்டி. அது கழற்றாத நகைதான்.

இப்போது கடன். இதை மெதுவாய்ப் படியுங்கள். நான் அறிந்த ஒரு விசுவாசக் குடும்பம், குழந்தை பிறந்ததற்கு ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். ஊரெல்லாம் கூப்பிட்டு, மட்டன் பிரியாணி போட்டு, ஒரு லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினார்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 3,000. வருஷத்துக்கு 36,000. மூன்று வருஷத்தில் வட்டி மட்டும் 1,08,000 கட்டி முடித்தார்கள்; அசல் ஒரு லட்சம் அசையாமல் அப்படியே நிற்கிறது. பிரியாணி சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் அது நினைவில் இல்லை. அந்தச் சகோதரி பிள்ளைக்குப் பால் பாக்கெட் வாங்க எண்ணி எண்ணிக் காசு கொடுக்கிறார்கள். கடன் வாங்குகிறவன் கொடுக்கிறவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்லுவது இதைத்தான். ஸ்தோத்திரம் செலுத்துவதற்காக அடிமையாகும்படி எந்த வசனமும் நமக்குச் சொல்லவில்லை. பத்துப்பேரைக் கூப்பிட்டு, பாயில் உட்கார்ந்து பாடி, பன்னும் டீயும் கொடுத்தாலும் பரலோகத்தில் அது ஸ்தோத்திரக் கூட்டம்தான்.

வீடுகளைச் சொல்லிவிட்டுச் சபையைச் சொல்லாமல் இருப்பது நியாயமல்ல. கன்வென்ஷன் முடிந்த மறுநாள் மைதானத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட், கைப்பை எல்லாம் தடைசெய்யப்பட்டவை. 2021 டிசம்பரில் அரசாங்கம் மஞ்சப்பையை மறுபடியும் கையில் எடுக்கச் சொல்லி ஒரு இயக்கமே ஆரம்பித்தது. தேவனுடைய ஜனம் கூடின இடத்தில் மாடு பிளாஸ்டிக் தின்றுகொண்டு நிற்கலாமா? அன்பின் விருந்துக்கு வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். கழுவுவதற்கு வாலிபர்கள் இருக்கிறார்கள். பிரசங்கியாரின் முகத்தை இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ் அடிப்பதைப்பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமலே புரியும்.

"கர்த்தர் வரப்போகிறார், பூமியைப்பற்றி நமக்கென்ன?"

இந்தக் கேள்வியை ஒரு வாலிபத் தம்பி உண்மையாகவே என்னிடத்தில் கேட்டார். "ஐயா, பூமி அக்கினிக்கு இரையாகப் போகுதுன்னு பேதுரு எழுதியிருக்கார். அப்புறம் மரம், தண்ணி, குப்பைன்னு எதுக்கு?" நல்ல கேள்வி. சமாளித்து அனுப்பக்கூடாத கேள்வி.

கர்த்தருடைய வருகையை நாம் விசுவாசிக்கிறோம். அதனால்தான் கேட்கிறேன்: வரும்போது எஜமான் எந்த வேலைக்காரனைப் பாக்கியவான் என்கிறார்? ஏற்ற வேளையில் வீட்டாருக்கு ஆகாரம் கொடுத்து விசாரித்துக்கொண்டிருந்தவனை. யாரைத் தண்டிக்கிறார்? எஜமான் வர நாள் செல்லும் என்று சொல்லிப் புசித்துக் குடித்து வெறித்தவனை (மத். 24:45-51). வருகை சமீபம் என்பது கொட்டிக் கவிழ்ப்பதற்கு லைசென்ஸ் அல்ல, கணக்கு ஒப்புவிக்கிற நாள் சமீபம் என்று அர்த்தம். லூக்கா 16-ல் அநீதியுள்ள உக்கிராணக்காரன்மேல் வந்த குற்றச்சாட்டு திருட்டு அல்ல, எஜமானுடைய ஆஸ்தியை அழித்துப்போட்டான் என்பதே. அதற்கு முந்தின அதிகாரத்தில் இளைய குமாரன் ஆஸ்தியை அழித்தான் என்கிற இடத்திலும் கிரேக்கத்தில் அதே வினைச்சொல்தான் வருகிறது. ஒருவன் அப்பா சொத்தை வாரியிறைத்தான், மற்றவன் முதலாளி சொத்தை. இரண்டும் ஒரே பாவம்.

ஆதாமைத் தோட்டத்தில் வைத்தபோது பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் (ஆதி. 2:15). யுத்த காலத்தில்கூட, பட்டணத்தை முற்றிக்கை போடும்போது கனிதரும் மரத்தை வெட்டாதே என்றார் (உபா. 20:19). குருவிக்கூட்டைக் கண்டால் குஞ்சை எடுத்துக்கொள், தாயை விட்டுவிடு என்றார், அப்படிச் செய்தால் நன்றாயிருப்பாய், நீடித்த நாள் வாழ்வாய் என்று வாக்குக் கொடுத்தார் (உபா. 22:6,7). தாய் தகப்பனைக் கனம்பண்ணுகிறவனுக்குக் கொடுத்த வாக்குத்தத்தமும் அதுதான்! எடுக்காதே என்று சொல்லவில்லை, எடு. நாளைக்கு முட்டையிடுகிறதை விட்டுவை. ஏரியும் ஆற்றுமணலும் அந்தத் தாய்க்குருவிதான். கடைசியாக வெளிப்படுத்தின விசேஷம் 11:18-ஐ அந்தத் தம்பியை வாசிக்கச் சொன்னேன். ஏழாம் எக்காளம் ஊதும்போது நியாயத்தீர்ப்புக்கு வருகிறவர்களின் கூட்டத்தில், பூமியைக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர் இரண்டு தடவை வாசித்தார். "இது இங்கேயா ஐயா இருக்கு" என்றார்.

இது கஞ்சத்தனம் அல்ல

இந்தப் பாடத்தைக் கையில் தடியாக எடுத்துக்கொண்டு எந்தக் கணவனும் மனைவியின் சமையலறைக்குள் போகவேண்டாம். அப்படிப் போகிறவர் முதலில் தன் செல்போன் பில்லையும் டீக்கடைக் கணக்கையும் மேஜையில் வைக்கட்டும். ஏற்கெனவே ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்துகிற விதவைச் சகோதரிகளே, இது உங்களுக்கு எழுதினது அல்ல. ஓமரை உங்களிடத்தில் நாங்கள்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

கஞ்சன் குறைவாய்ச் செலவழித்துத் தனக்கே பூட்டிவைப்பான். லூக்கா 12-ல் வருகிற ஐசுவரியவான் அப்படித்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்டப் பார்த்தான், அன்று ராத்திரியே ஆத்துமாவைக் கேட்டார்கள். தேவபிள்ளை குறைவாய்ச் செலவழிப்பதோ கை காலியாய் இருக்கவேண்டும் என்பதற்காக. குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும்படியே பிரயாசப்படு என்று எபேசியர் 4:28 நமக்குப் போதிக்கிறது. "ஆபிரகாம் பெரிய ஐசுவரியவான் இல்லையா பாஸ்டர்?" என்றால், ஆம், ஐசுவரியவான்தான். ஆனால் கடைசிவரை கூடாரத்தில் குடியிருந்தார் (எபி. 11:9). வழிப்போக்கர் மூவர் வந்தபோது கொழுத்த கன்றை அடித்தார். தனக்குக் கூடாரம், விருந்தாளிக்குக் கன்று. அந்த வரிசை நமக்குத் தலைகீழாய்ப் போயிற்று.

பிள்ளைகளிடத்தில் "காசு இல்லை" என்று சொல்லாதீர்கள். காசு இருக்கும்போது அது பொய். இல்லாதபோது அது பயம். "நமக்கு இது வேண்டாம்" என்று சொல்லுங்கள், ஏன் என்று கேட்டால் உட்கார்ந்து சொல்லுங்கள். பவுலே மனரம்மியமாய் இருக்கக் கற்றுக்கொண்டதாகத்தான் பிலிப்பியருக்கு எழுதுகிறார் (4:11). அப்போஸ்தலனுக்கே அது பாடம் படித்து வந்தது என்றால், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் வந்துவிடாது.

குடும்ப ஜெபத்தில் ஒரு நோட்டு

இந்த மாதம் குடும்ப ஜெப வேளையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். புதிதாய் வாங்காதீர்கள், பிள்ளைகளின் போன வருஷ நோட்டில் மிச்சப் பக்கம் இருக்கும். முதல் வாரம் வீட்டிலிருந்து குப்பைக்குப் போன ஆகாரத்தை மட்டும் எழுதுங்கள்: இட்லி மூன்று, ஒரு கிண்ணம் சாம்பார், அழுகின தக்காளி ஐந்து. யாரையும் திட்டவேண்டாம், எழுதினால் போதும். இரண்டாம் வாரம் அளந்து சமையுங்கள், தலைக்கு எவ்வளவு என்று சிறுபிள்ளை எண்ணிச் சொல்லட்டும். மூன்றாம் வாரம் உபவாச வாரம். மருந்து, பால், காய்கறி, அரிசி தவிர ஒன்றும் வாங்காதிருங்கள். வாங்கத் தோன்றினதை எழுதி வையுங்கள், அந்த வாரக் கடைசியில் வாசித்தால் சிலதைப் பார்த்து நீங்களே சிரிப்பீர்கள். நாலாம் வாரம் பீரோவைத் திறந்து, ஒரு வருஷமாய் உடுத்தாத நல்ல துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு எடுத்து வையுங்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள், அது தானம் அல்ல. மீந்த பணம் எவ்வளவு என்று பார்த்து, யாருக்கு என்று ஜெபித்துக் கேளுங்கள்.

நோட்டைச் சபைக்குக் கொண்டுவரவேண்டாம், எனக்கும் காட்டவேண்டாம். வட்டிக்கடனில் இருக்கிறவர்கள் மாத்திரம், கணவனும் மனைவியும் சேர்ந்து, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னை வந்து பாருங்கள். கடன் சீட்டுகளையும் ஒரு பேனாவையும் எடுத்து வாருங்கள். ஒளித்து வைத்திருக்கிற சீட்டையும் சேர்த்து எடுத்து வாருங்கள். முதலில் ஜெபிப்போம், பிறகு கூட்டிப் பார்ப்போம். அடுத்த இதழில் 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்து விதவையின் எண்ணெய்க் கணக்கைப் பார்க்கலாம். முதல் ஏழு வசனங்களை வாசித்து வையுங்கள்.